புல்லுத் தண்ணி

"அந்தப் புல்லுத் தண்ணியக் கீழ வைங்க மொதல்ல! காலைப் பூசை முடிஞ்சு வர்ற வழியில, நெஞ்செலும்பாப் பாத்து வாங்கியாந்து கொழம்பு வச்சிருக்கேன். ஒரு வாய் வைக்காம இருந்தீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

சகாயராணி தட்டை நங்கென்று வைத்தாள். ஜன்னலோரம் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்த இருதயநாதன், டம்ளரில் இருந்த கிரீன் டீயை ஒரு மடக்கு உறிஞ்சினார். வேப்பெண்ணெயைக் குடித்தவர் மாதிரி முகம் கோணிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது.

"பிடிக்கலைன்னு மூஞ்சியே சொல்லுதே. அப்புறம் எதுக்குங்க குடிக்கிறீங்க?"

"ஒடம்பு குறையும்னு பேப்பர்ல போட்டிருக்கான் சகாயம்."

"பேப்பர்காரனா உங்களுக்குப் பொங்கிப் போடுறான்?"

இருதயநாதன் சிரித்தார். ஆனால் குழம்புப் பக்கம் கை போகவில்லை. "ஒரு கரண்டி சோறு வை. வெஞ்சனத்துக்கு வெள்ளரிக்கா இருக்குல்ல? அது போதும்."

அவள் வெடுக்கென்று திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர் அவர். நல்ல வாட்டசாட்டமான ஆள். கல்யாணமான புதிதில், கறி எடுத்த அன்றைக்குச் சட்டி அடியில் ஒட்டியதைக்கூடச் சோறு போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு இன்னும் பெருத்துப்போனார். சகாயராணி அதைக் குறையாகவே நினைத்ததில்லை. அந்த மனுசன் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்ப்பதுதான் அவளுக்கு இருந்த சந்தோஷம்.

தவக்காலம் தொடங்கியதும் கறியை விட்டார். வருசா வருசம் விடுவதுதானே என்று அவளும் ஒன்றும் கேட்கவில்லை. ஈஸ்டர் அன்று, லத்தீப் பாய் வீட்டிலிருந்து வந்த பிரியாணியை மூடியைக்கூடத் திறக்காமல் தள்ளி வைத்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் இட்லி குறைந்தது, சோறு குறைந்தது. பால் டீ நின்று, இந்தப் பச்சைத் தண்ணீர் வந்தது. சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்க, ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தாள்.

"மாஸ்டர் ரொம்ப எளச்சிட்டாரே அக்கா," என்றாள் எதிர்வீட்டுப் பழனியம்மாள் ஒருநாள். "எங்க சின்ன மாமனாரும் இப்படித்தான் கிடுகிடுன்னு எளச்சாரு. அப்புறம் பாத்தா..." மேற்கொண்டு சொல்லாமல், தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அன்றிலிருந்து சகாயராணிக்குச் சோறு இறங்கவில்லை.

வாசலில் டி.வி.எஸ். ஃபிப்டி வந்து நின்றது. அப்துல் லத்தீப்தான். மெயின் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர். இருதயநாதனோடு ஒன்றாகப் படித்தவர். பையில் புது கிரீன் டீ டப்பா எட்டிப் பார்த்தது. சகாயராணி கேட்டிலேயே மறித்தாள்.

"பாய், நீங்க கொண்டுவந்து குடுக்குறதாலதானே இவரு குடிக்கிறாரு? அவருக்கு என்னமோ வியாதி. எனக்குத் தெரியாம மறைக்கிறாரு. உங்களுக்குத் தெரியும்."

"சேச்சே, வியாதியெல்லாம் இல்ல தங்கச்சி."

"அப்ப வேற என்ன?"

லத்தீப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான். நான் எதிர்பார்க்கவே இல்ல, அவனுக்கு இம்புட்டு வைராக்கியம் இருக்கும்னு." டப்பாவை அவள் கையில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சகாயராணி விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"பாய் எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

"சொல்ல மாட்டான்," என்றார் இருதயநாதன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டப்பாவை மேஜைமேல் எறிந்தாள்.

"யாருக்குங்க அழகு காட்டணும் இந்த வயசுல? எந்தப் போட்டிக்குப் போகப் போறீங்க? மைதானத்துல ஓடுன காலத்துலயே மூணு வேளையும் மூக்குப் பிடிக்கத் தின்ன மனுசன்தானே நீங்க!"

"கத்தாத சகாயம். எதிர்வீட்டுல கேக்கப் போகுது."

"கேக்கட்டும். என் சமையல் பிடிக்கலையா? இல்ல, வாழ்க்கையே பிடிக்கலையா? பட்டினி கெடந்தே போயிரலாம்னு இருக்கீங்களா? அப்படின்னா மொகத்தப் பாத்துச் சொல்லிருங்க. இன்னையிலருந்து நானும் சாப்பிடல. ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

இருதயநாதன் பதறிப்போனார். செய்தித்தாள் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் இப்படி ஒரு எண்ணத்தைச் சுமந்துகொண்டு திரிவாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"ஏய், என்ன பேச்சு பேசுற! உன்னைய விட்டுட்டு எங்க போகப் போறேன்?"

"அப்ப எதுக்கு இதெல்லாம்?"

"சொன்னா நீ அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு பொய் சொல்லி, வம்படியா ஊட்டி விட்டுருவே. அதான் சொல்லல." அவர் கைகளை அவளை நோக்கி நீட்டினார். "செத்த நேரம் படுக்கணும். கட்டில்ல படுக்க வை. சொல்லிர்றேன்."

சகாயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சக்கர நாற்காலியைக் கட்டிலோரம் தள்ளி நிறுத்தினாள். செம்பட்டி ரோட்டில் லாரி மோதி அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன நாளிலிருந்து செய்வதுபோல, அவருடைய இரண்டு கைகளையும் தன் கழுத்தில் கோத்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் தூக்கினாள்.

"இடுப்பு விட்டுப்போகுது, இனிமே அவரத் தூக்க முடியாதுபோலன்னு நம்ம மக அனிஷாட்ட போன்ல அழுதேல்ல," என்றார் அவர், அவள் காதோரம். "இப்பச் சொல்லு சகாயம்... கொஞ்சமாச்சும் பாரம் குறைஞ்சிருக்கா?"