பதினெட்டாவது ஃபிளாப்பி

சேலையூரில் சுபத்ராவின் கம்ப்யூட்டர் கடைப் பக்கம் இப்போதெல்லாம் ஈ, காக்காய்கூட எட்டிப் பார்ப்பதில்லை. வருகிற ஒரே ஆள், டிராயிங் ஆபீஸில் இருந்து ரிட்டயரான லக்ஷ்மிநாராயணன்தான். முதல் நாள் ஒரு பென்டிரைவோடு வந்தார்.

"வீட்ல பழைய ஃபிளாப்பி பதினேழு இருக்கும்மா. எல்லாம் நான் போட்ட வரைபடம். இதுல மாத்தித் தரணும். மொத்தமா கொண்டு வந்துடவா?"

"வேணாம் சார். ஃபிளாப்பி ஓடுற மெஷின் ரொம்பப் பழசு, சூடாயிடும். ஒரு நாளைக்கு ஒண்ணுதான்."

"அவசரமே இல்லம்மா."

தினமும் ஒன்று வந்தது. 'சுபா 1', 'சுபா 2' என்று ஃபோல்டர் போட்டு அவள் ஏற்றித் தருவாள். முடிகிறவரை திருநீர்மலை, முட்டி வலி, கனடாவில் இருக்கும் மகன் என்று பேச்சு ஓடும்.

நேற்றோடு பதினேழும் முடிந்துவிட்டன. ஆனாலும் சுபத்ரா இன்று வாய் தவறியது போல் இரண்டு டீ சொல்லியிருந்தாள். டீ ஆறுவதற்குள் அவர் வந்து நின்றார்.

"பீரோ அடியில இன்னொண்ணு கிடந்ததும்மா."

வாங்கிச் சொருகினாள். திரையில் ஒரே ஒரு ஃபோல்டர் தெரிந்தது. பெயர், 'சுபா 1'.

அவள் பென்டிரைவில் ஏற்றித் தந்தது, திரும்ப ஃபிளாப்பிக்கு வந்திருக்கிறது. அப்படியானால் இதையெல்லாம் செய்கிற மெஷின் அவர் வீட்டிலேயே இருக்கிறது.

"ஆயிடுச்சாம்மா?" தலை குனிந்தபடியே கேட்டார்.

"இல்ல சார், மெஷின் கொதிக்குது. நாளைக்கும் வர வேண்டியிருக்கும்."

டீயை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, மெஷின் மேல் கையை வைத்தாள். இத்தனை நாளும் இருந்தது போலவே சில்லென்று இருந்தது.