காயப்போட்ட பாத்திகள்

பேச்சியம்மாள் களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை.

பெனிட்டா முதல் பாத்தியின் மஞ்சள் துணிக்கொடியருகே குந்தியிருந்தாள். ஈரம் பார்க்கும் கருவியின் இரண்டு கம்பிகளையும் மண்ணில் இறக்கினாள்.

எண்ணைப் பார்த்தாள்.

கம்பிகளைப் பிடுங்கித் துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடி இறக்கினாள்.

பேச்சியம்மாள் புல்லே இல்லாத இடத்தில் கொத்திக்கொண்டிருந்தாள்.

வேளாண் கல்லூரிப் பண்ணையில் அவளுக்குப் பதினோரு வருடக் கூலி வேலை. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் இந்தப் பெண்ணுக்கு உதவியாக அவளை மிளகாய்ப் பாத்திகளில் விட்டிருந்தார்கள். பாய் விரிக்கிற அளவுப் பாத்திகள், பதினாறு. பன்னிரண்டுக்குத் தண்ணீர் உண்டு. மஞ்சள் கொடி நட்ட நாலுக்கு மட்டும் இருபத்தொரு நாள் ஒரு சொட்டு கிடையாது. செடி எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

பார்ப்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று முதல் நாளே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

நேற்று பன்னிரண்டாம் நாள். பூ உதிர ஆரம்பித்தது. மதிய வெயிலில் சுருண்ட இலை சாயங்காலமும் விரியவில்லை. வீட்டுக்குக் கிளம்பியவள் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தாள்.

"பைப் ஒழுகுதுபோலக்கா." பெனிட்டா கருவியைக் கீழே வைத்தாள்.

குழாயோரமாக மண்டியிட்டு, விரலால் மண்ணைத் தோண்டிக்கொண்டே போனாள். இல்லாத ஓட்டை எப்படிக் கிடைக்கும்?

போன வருடம் மழை வந்து கெடுத்தது. இந்தப் பருவமும் கெட்டால் இன்னொரு பருவத்துக்கு நாள் இல்லை. மூன்று வருடப் படிப்பும் வீண். மதியச் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிடும்போது பெனிட்டாவே சொன்னதுதான்.

குழாய் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். குழாய் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

அந்தப் பிள்ளையின் நகக்கண்ணெல்லாம் மண் ஏறியிருந்தது.

"தோண்டாத பாப்பா. நாந்தான் ஊத்துனேன். நேத்து. ஒரு கொடம்."

பெனிட்டா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

முதல் பாத்தியைக் காட்டிக் கேட்டாள்.

"இதுக்கு மட்டுமாக்கா?"

"ஒண்ணுக்கு ஊத்திட்டு மத்த மூணையும் பாக்க விட முடியுமா? நாலுக்கும்தான்."

பெனிட்டா நிமிர்ந்தாள். மடியிலிருந்த நோட்டைப் பிரித்துவிட்டாள்.

"நாலுக்கும் ஒரே அளவா? அப்பத் தப்பிச்சேன்க்கா! பன்னெண்டாம் நாள், செடி சாகாம இருக்க உயிர்த்தண்ணி ஒரு கொடம்னு எழுதிருவேன். அதுவும் ஒரு சோதனைதான். ஆனா நாலுக்கும் ஒண்ணுபோல இருக்கணும். கொஞ்சம் கூடக்கொறைய இருந்தாலும் செல்லாது. சொல்லுங்கக்கா, ஒரு கொடம்தானே?"

முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. பேனா காத்திருந்தது.

ஆமா என்றால் போதும். தலையை ஆட்டினாலும் போதும். நேற்று அந்த நேரத்தில் பண்ணையில் ஈ காக்கை இல்லை.

பேச்சியம்மாளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஒரு பிள்ளையின் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று. அதை எடுத்துப்போட இப்போது ஒரு பொய் போதும். ஆனால் அந்த நோட்டில் பெனிட்டா ஒரு எண்ணைப் பார்க்காமல் எழுதி அவள் கண்டதில்லை. காய்ச்சலோடு வந்த அன்றுகூட, பதினாறு பாத்தியிலும் குந்திக் குந்திப் பார்த்துத்தான் எழுதினாள்.

"மூணுக்கும் ஒவ்வொரு கொடம்" என்றாள்.

களைக்கொத்தால் கடைசிப் பாத்தியைக் காட்டினாள்.

"கடைசி மூலைக்கு ஒண்ணரை. அது ரொம்பத் தொவண்டு கெடந்துச்சு பாப்பா."

பேனா தாளில் இறங்கவில்லை.

பெனிட்டா நோட்டை வரப்பிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். கடைசிப் பாத்திக்கு நடந்தாள். கருவியை எடுத்துக்கொள்ளவில்லை.

குனிந்து ஓர் இலையைப் புறங்கையால் தூக்கிப் பார்த்தாள். அடுத்த செடியில் ஒன்று. அதற்கடுத்த செடியில் ஒன்று.

பேச்சியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அங்கிருந்தபடியே, திரும்பாமல், பெனிட்டா கேட்டாள்.

"ஒண்ணரை பத்துமாக்கா இதுக்கு?"