கேட்க மறந்தது

என் தலையிலிருந்த பால்குடத்தை வாங்கிக்கொண்ட தொண்டூழியர், வேண்டிக்கொண்டு சீக்கிரம் நகரும்படி சொன்னார்.

நகர்ந்துவிட்டேன். வேண்டிக்கொள்ளத்தான் மறந்துபோனேன்.

எனக்கு அது ஏழாவது தைப்பூசம். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலில் குடத்தை எடுத்துக்கொண்டு தேங்க் ரோடு முருகன் கோவில்வரை வெறுங்காலோடு நடப்பேன். ஏழு வருடமும் ஒரே வேண்டுதல். வீட்டை விட்டுப் போன என் கணவர் திலீப் திரும்பி வர வேண்டும். முருகனுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

அவர் பூன் லே வட்டாரத்தில் வேறொருத்தியோடு இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். விவாகரத்து வாங்கு என்று வேலையிடத்தில் சொல்லாத ஆள் இல்லை. நான் கேட்கவில்லை. அவர் வந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு என்று நானே முடிவு கட்டியிருந்தேன். தீபாவளிக்குப் புதுச் சேலை இல்லை. தோழிகளோடு ஒரு படம்கூட இல்லை. நான் இருக்கும் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீட்டில் லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டால் செய்துகொண்டிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும்.

அப்படிப்பட்ட நான்தான், நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, மூன்று மணி நேரம் நடந்து வந்து, கேட்க வேண்டியதைக் கேட்காமல் சன்னதியை விட்டு வந்திருந்தேன்.

திரும்பி உள்ளே போகப் பார்த்தேன். பின்னால் குடத்தோடு அத்தனை பெண்கள் நின்றார்கள். தொண்டூழியர் சிரித்தபடியே கையை நீட்டி மறித்து, அன்னதானக் கூடத்துக்கு வழி காட்டினார்.

எப்படி மறந்தேன்?

செலிகி சாலையில் தார் காலைச் சுட்டது. முதலில் வலித்தது. பிறகு குடம், அடுத்த அடி, குடம், அடுத்த அடி, அவ்வளவுதான் எனக்குள் இருந்தது. சன்னதியில் வேலின் மேல் பால் வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதுவும் வேண்டும் என்று தோன்றவில்லை. மனசு லேசாக இருந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தேன்.

அதுதான் உறுத்தியது. அவர் இல்லாமலே சந்தோஷமாக இருக்க முடியும் என்றால், இந்த ஏழு வருடம் நான் எதற்காகக் காத்திருந்தேன்?

கூடத்தில் உட்கார்ந்ததும் சன்னதி இருக்கும் பக்கம் திரும்பிக் கண்ணை மூடினேன். திலீப் வர வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரிக்காக வேண்டிக்கொள்வது போல இருந்தது.

பக்கத்தில் லீலா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திலீப்பின் தங்கை. ஒவ்வொரு வருடமும் அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு எனக்குத் துணையாக நடந்து வருவாள். அன்று வழியெல்லாம் அவளுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. ஆபீஸ் தொல்லை என்றாள்.

அவளிடம் மறைக்க மனம் வரவில்லை. உன் அண்ணனைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன் என்று சொன்னேன். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்குக் கண் கலங்கியது.

“இனிமே கேக்கவே வேணாம் அண்ணி. நீங்க காலையில கிளம்பின கொஞ்ச நேரத்துல அண்ணன் வந்துட்டாரு. பெட்டியோட உங்க வீட்டு வாசல்லதான் உக்காந்திருக்காரு. நேர்த்திக்கடன் முடியட்டும்னுதான் நான் சொல்லல.”

ஏழு வருடமாக இந்த ஒரு செய்திக்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் பொங்கி வரும் என்று பார்த்தேன். கோபமாவது வரும் என்று பார்த்தேன். இரண்டும் வரவில்லை. செலிகி சாலையில் எனக்குக் கிடைத்தது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான் வந்தது.

லீலா அதற்குள் போனில் டாக்சி கூப்பிட்டுவிட்டாள். நாலு நிமிடத்தில் வந்துவிடும் என்று எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். டாக்சியை வேண்டாமென்று சொல்லிவிடச் சொன்னேன்.

பரிமாறுகிறவர் எங்கள் வரிசைக்கு வந்தார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

அன்று முருகன் கோவிலில் நான் மனசாரக் கேட்டது அது ஒன்றுதான்.