பேஷனின் முதல் பொருள்

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

கூடத்தில் கணவரின் குரல். ஞாயிறு காலை, ஆன்லைனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. வாரம் ஒரு சொல்லை எடுத்து, அது பிறந்த கதையைச் சொல்வார்.

“இன்னைக்கு ‘பேஷன்’. டிரெஸ் ஃபேஷன் இல்ல. பைக் பேருன்னும் யாரும் சொல்லிடாதீங்க.”

லேப்டாப்பில் சிரிப்பு.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போயும் போயும் அந்தச் சொல்லையா எடுத்தார்?

அவர் சொல்லத் தொடங்கினார். லத்தீனில் அதற்குப் பொருள் வேதனை. ஆங்கிலத்துக்கு வந்தபோது, சிலுவையில் இயேசு பட்ட பாடு. ஆசை, மோகம் என்பதெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

“முதல்ல படாத பாடு படணும். அதுக்கப்புறம்தான் பேஷன்.”

அதே இடத்தில் குரலைத் தாழ்த்தினார். அதே இடத்தில் நிறுத்தினார்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், இதை அவளிடம் சொன்னார். வத்தலக்குண்டு பஸ் மூன்று போய்விட்டது. நாலாவதில் ஏறும்போது, கட்டினால் இவரைத்தான் என்று முடிவு செய்திருந்தாள். அப்பா ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டாள்.

தனக்கென்றே சொன்ன கதை என்றல்லவா நினைத்திருந்தாள்.

இப்போது முப்பது பேருக்கு.

வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது.

அதிலும் அந்த ஓசூர் சங்கவி. வாரா வாரம் முதல் ஆளாக வந்து உட்காருகிறவள். ‘சூப்பர் சார்’ என்று அவள் இழுப்பதைக் கேட்டாலே இவளுக்குக் காய் நறுக்கக் கை ஓடாது.

கடைசியில் கேள்வி நேரம். எதைக் கேட்டாலும் அவர் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை.

சங்கவிதான் கேட்டாள்.

“சார், உங்களுக்கு இதை யாரு சொன்னாங்க?”

இவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

இருபத்திரண்டு வருடத்தில் தான் இதைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

புத்தகம் என்று சொல்லலாம். காலேஜ் வாத்தியார் என்று சொல்லலாம். ஒரு வார்த்தை போதும்.



எட்டிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில், அந்தக் கதையைச் சொல்லி முடித்தபோதும் இதே முகம்தான். அன்று அது தனக்காக என்று நினைத்தாள்.

“நெட் சரியில்லம்மா, ஒண்ணும் கேக்கல. அடுத்த வாரம் பாப்போம்.”

ஃபிரிட்ஜ் மேல் மோடம். எல்லா விளக்கும் பச்சை.

சங்கவி மேல் அவளுக்கு இப்போது எந்தக் கோபமும் இல்லை.