எச்சில் போதவில்லை

“வாயைத் திற. நாக்கத் தூக்கு.”

திறந்தான். மிட்டாய் இல்லை, சூயிங்கம் இல்லை. காய்ந்து வெளுத்த நாக்கு மட்டும்தான்.

இருபது வருடம் கழித்துப் பார்க்கிறவனிடம் நான் பேசிய முதல் பேச்சு இது. பிழைப்பு அப்படி.

துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் என் அறைக்கு வர வேண்டும். உடம்பில் போதைப்பொருள் எதுவும் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் ஏணியில் கால் வைக்கலாம். இன்றைக்கு வந்தவன் கொக்கு.

சின்ன வயதில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவனுடைய நெட்டைக் காலைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். சொந்தக்காரர்களை நான் சோதிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் எழுந்து போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

“என்ன வாலு, இங்கயா குப்ப கொட்டுற?” என்றான்.

என்னை வாலு என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருப்பவன் அவன் ஒருவன்தான். அப்பா போனார், அம்மா போனாள், அந்தப் பெயரும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோதனைக் குச்சியின் உறையைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

நல்லவேளை, இப்போது எச்சில் சோதனை. முன்பெல்லாம் சிறுநீர்தான். குழாயை அடைத்து, கழிவறைத் தண்ணீரில் நீலச் சாயம் கலந்து, கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கோப்பை வந்ததும் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தவனுடையதை அக்குளில் இடுக்கிக் கொண்டுவந்த புண்ணியவான்களும் உண்டு. கொக்குவை அப்படி நிற்க வைத்திருந்தால் இரண்டு பேருமே செத்திருப்போம்.

பத்து நிமிடம் அவன் வாயில் எதுவும் படாமல் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் கண் முன்னாலேயே உறையைக் கிழித்து, பஞ்சு வைத்த குச்சியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்தேன். மெல்லக் கூடாது, சப்பக் கூடாது. குச்சியில் இருக்கும் சின்னக் கண்ணாடி நீலமானால் எச்சில் போதும் என்று அர்த்தம்.

ஆகவே இல்லை.

குச்சியை எடுத்துவிட்டுச் சொன்னான். “எச்சியே வரல வாலு. நாளான்னிக்கு வரட்டுமா?”

வரலாம். ‘எச்சில் போதவில்லை’ என்று குறித்து இன்னொரு நாள் வரச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எங்கள் மேற்பார்வையாளர் பொறுமைக்குப் பேர்போனவர் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டாலும் கூப்பிட்டுவிடுவார். இவனோ, அந்தப் பத்து நிமிடத்தில் சொன்னபடி, ரொம்ப நாளாய் வேலையில்லாமல் இருந்தவன். வேலை கிடைத்துவிட்டது என்று இவன் பெண்டாட்டி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாளாம்.

வாய் காய்வதற்கு ஆயிரம் காரணம் உண்டு. இவனுக்குப் பயம். இவனை எனக்கா தெரியாது.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். குச்சியை மறுபடி வைத்தேன். வாயில்தான் எதையும் போடக் கூடாது. காதில் போடலாமே.

“தையல்காரர் வீட்டு எலுமிச்ச மரம் ஞாபகம் இருக்கா?”

குச்சியோடு தலையாட்டினான்.

எல்லாவற்றையும் சொன்னேன். மதில்மேல் இவன் ஏறியது, கீழே பள்ளிச் சட்டைப் பையில் உப்போடு நான் நின்றது. பழுக்கக் கூட விடமாட்டோம். பச்சைக் காயைத் தோலோடு கடித்து, உப்பைத் தொட்டு, முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும் என்று பந்தயம். பல் கூசும், காது வரைக்கும் புளிக்கும். தையல்காரர் கழுத்தில் அளவுநாடா தொங்கத் துரத்திக்கொண்டு வருவார். ஓடும்போதும் இவன் காயைத் துப்பமாட்டான்.

எனக்கே வாயில் ஊறிவிட்டது. இரண்டு முறை விழுங்கினேன்.

கொக்குவின் இடது கண் சுருங்கியது. தோள் குலுங்கியது. சிரிக்கிறான். கடைவாயில் ஈரம் மின்னியது.

கண்ணாடி நீலமாகிவிட்டது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கையாலேயே இவனை அந்த ஏணியில் ஏற்றிவிட்டதுபோல இருந்தது. குச்சியை வாங்கிச் சோதனைப் பெட்டியில் சொருகினேன்.

அதில் ஒவ்வொரு போதைக்கும் ஒரு கோடு. கோடு விழுந்தால் ஆள் சுத்தம், விழாவிட்டால்தான் வம்பு. தேறாதவன் அதற்குப் பிறகு எந்தத் துறைமுகத்திலும் தலைவைத்துப் படுக்க முடியாது. எல்லோரும் பெட்டியையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். கொக்கு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருந்தான்.

ஒவ்வொரு கோடாக விழுந்தது. கஞ்சாவுக்கான இடம் மட்டும் வெறுமையாகவே இருந்தது. வாயைக் காயவைப்பதும் அதுதான், இரண்டு நாள் விட்டால் எச்சிலில் தெரியாமல் போகக்கூடியதும் அதுதான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன்.

“நாளான்னிக்கு வரேன்னு சொன்னியே. இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா, கொக்கு?” என்றேன்.

“சொல்லத்தான் வாயத் திறந்தேன்,” என்றான். புறங்கையால் உதட்டைத் துடைத்தான். துடைத்த கையைப் பார்த்தான்.

“நீ பேசுனது நல்லா இருந்துச்சு வாலு. என் வாயில தண்ணி ஊறியே வருஷக்கணக்காச்சு.”