மேக்ஸுக்கு ஒரு ஸ்வெட்டர்

காரில் ஏறியதும் சுகந்தி கதவை அறைந்து சாத்தினாள். சான் ரமோனில், கணவனின் மேனேஜர் வீட்டு கிறிஸ்துமஸ் பார்ட்டியில் இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்த கோபம் அது.

“இப்ப என்ன ஆச்சு? எல்லாரும் உன் ஸ்வெட்டரை எப்படிப் புகழ்ந்தாங்க!” என்றான் கிட்டுசாமி.

“புகழ்ந்தாங்களா? நான் கழுத்து வலிக்க ஆறு வாரம் பின்னினதைப் போட்டுக்கிட்டு மேக்ஸ் தரையெல்லாம் புரளுது!”

“புரண்டா என்ன? மேக்ஸ்னா அவங்களுக்கு உயிர்.”

“உடம்புல குத்தக் கூடாதேன்னு கடை கடையா அலைஞ்சு மெத்துன்னு நூல் வாங்கினேன். நீங்க குடுத்த அளவுல கை ஏன் இவ்வளவு குட்டைன்னு கேட்டதுக்கு, ‘குழந்தைக்கு வளர்த்தி கம்மி’ன்னீங்க. ஐயோ பாவம்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேங்க!”

“கத்தாத சுகந்தி. என் கிரீன் கார்டு பேப்பர்ல அவர்தான் கையெழுத்துப் போடணும். உண்மையைச் சொல்லியிருந்தா பின்னியிருப்பியா?”

“நாய்க்கு நான் எதுக்குப் பின்னணும்?”

“அவங்களே அதைப் பையன்னுதான் சொல்றாங்க” என்று முனகியபடி ஃப்ரீவேயில் ஏறினான். பிறகு பல்லெல்லாம் தெரியச் சொன்னான்: “கிளம்பும்போது மேனேஜர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார், பார்த்தியா?”

சுகந்தி அவனையே பார்த்தாள்.

“பார்த்தேன். நூல் மிச்சம் இருக்கு. உங்களுக்கும் ஒண்ணு பின்னித் தரேன்.”

“நிஜமாவா? வீட்டுக்குப் போனதும் அளவு எடுத்துக்கோ.”

“எதுக்கு? அதே அளவு உங்களுக்கும் சரியா இருக்கும்.”