சத்தமே இல்லாத கீபோர்டு

"ஆரம்பிச்சுட்டாருப்பா, ஆலங்கட்டி மழை!"

மி-ரான் சொன்னதும் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சே-ரிமுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பூசான் கிளையிலிருந்து சியோல் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

மி-ரானுக்குப் பக்கத்து இருக்கை கி-தேயுடையது. புரோகிராம் எழுதுவதில் அங்கே அவரை மிஞ்ச ஆளில்லை. பிறவியிலேயே காது கேட்காது. எதிரே நின்று பேசினால் உதட்டசைவை வைத்துப் புரிந்துகொள்வார். பதிலைச் செல்போனில் எழுதிக் காட்டுவார்.

அவருடைய மெக்கானிக்கல் கீபோர்டு போடும் சத்தம்தான் பிரச்னை. டக் டக்கென்று கூரையைப் பொத்துக்கொண்டு கொட்டும்.

"இன்னிக்குக் குடை எடுத்துட்டு வந்திருக்கணும்" என்பாள் மி-ரான், காதில் பஞ்சை அடைத்தபடி. கி-தே தலை திரும்பினால் போதும், பஞ்சு மாயமாகிவிடும், வாயெல்லாம் பல்லாகிவிடும்.

'முகத்துக்கு நேரா ஒண்ணு, முதுகுக்குப் பின்னால ஒண்ணு. காது கேட்காத மனுஷனை இப்படியா கேலி பண்றது?'

சே-ரிமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்குக் கி-தேயின் கீபோர்டு மக்கர் செய்தது. ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுந்தது. கி-தே போனை நீட்டினார்.

'புதுசு வாங்கணும். சாயங்காலம் யோங்சான் கம்ப்யூட்டர் கடைக்கு வர்றீங்களா அக்கா? பேரம் பேச ஒரு வாய் வேணும்.'

"இந்த வாயை விட்டா வேற வாய் ஏது தம்பி?" என்றாள் மி-ரான்.

கி-தே அந்தப் பக்கம் போனதும் டீம் லீடர் ஓடி வந்தார். "அக்கா, எங்க எல்லார் காதும் உங்க கையிலதான் இருக்கு. சத்தம் வராததா பார்த்து அவர் தலையில கட்டிடுங்க!"

"அதைவிட எனக்கென்ன வேலை?"

அந்த மனிதரை ஏமாற்றிவிடப் போகிறாளே என்று சே-ரிமும் கூடவே கிளம்பினாள்.

கடைக்காரர் கீபோர்டுகளை வரிசையாக எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டி வைத்தார். மி-ரான் முதல் வேலையாக ஒன்றை முன்னால் தள்ளினாள். "இதைப் பாரு தம்பி, வெண்ணெய் மாதிரி இருக்கு!"

கி-தே தட்டினார். தட்டிவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார், மறுபடி எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்தது. அதற்கடுத்தது. எதிலும் விரல் ஒட்டவில்லை.

கடைசியாக ஒன்றில் கை வைத்தார். தட்டத் தட்டக் கண் தானாக மூடியது. திரையைப் பார்க்கவே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

டக் டக் டக் டக்!

கடைக்காரர் மி-ரான் பக்கம் குனிந்தார். "அம்மா, இது ஆபீசுக்கு ஆகாதுங்க. இதைவிடச் சத்தமானது என் கடையிலயே இல்லை."

கி-தே கண்ணைத் திறந்தார். போனை நீட்டினார்.

'இதுதான் பிடிச்சிருக்கு. சத்தம் போடுதா அக்கா?'

சே-ரிம் மி-ரானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மி-ரான் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். முகத்தில் வெளிச்சம் விழும்படி நிமிர்ந்து, நிதானமாக வாயசைத்தாள்.

"சத்தமே இல்லை."

பிறகு கடைக்காரரிடம் திரும்பி, விலையைக் குறைக்கச் சொல்லிச் சண்டையை ஆரம்பித்தாள்.

கி-தே பஸ்ஸுக்குப் போய்விட்டார். மெட்ரோவில் ஏறியதும் சே-ரிமால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் அக்கா பொய் சொன்னீங்க?"

"மெத்துமெத்துன்னு இருந்ததுல ஒவ்வொரு தடவையும் திரையை எட்டிப் பார்த்தாரே, கவனிச்சியா? எழுத்து விழுந்துச்சுன்னு நமக்குக் காது சொல்லும். அவருக்கு விரல்தானே சொல்லணும்?"

"அப்ப தினம் தினம் திட்றீங்களே?"

"திட்டாம எப்படித் தாங்கறது? நான் என்ன புத்தரா? கீபோர்டைத் திட்டறேன், அவரையா திட்டறேன்? டீம் லீடர் ரெண்டு தடவை அவர்கிட்ட சொல்லக் கிளம்பினாரு. நான்தான் கையைப் பிடிச்சு உட்கார வச்சேன். சொன்னா மனுஷன் அன்னியிலேருந்து பூனை மாதிரி பயந்து பயந்து தட்டுவாரு."

சே-ரிம் தன் நிறுத்தம் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை கி-தே பெட்டியைப் பிரித்ததும் அலுவலகமே பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானது.

அவர் விரல்கள் ஓட ஆரம்பித்தன. அரிசியை முறத்தில் மெல்லத் தள்ளுவதுபோல ஓர் ஓசை. அவ்வளவுதான்.

மி-ரான் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி இது? நேத்து வாங்கினது எங்கே?"

கி-தே சிரித்துக்கொண்டே எழுதினார்.

'நீங்க கிளம்பினதும் கடைக்குத் திரும்பிப் போய் மாத்திட்டேன். எழுத்து விழுந்ததை இதுவும் விரலுக்குச் சொல்லுது. கொஞ்சம் மெதுவாச் சொல்லுது, பழகிடும்.'

"ஏன் மாத்தினே? நான்தான் சொன்னேனே?"

இந்த முறை அவர் எழுத நேரமெடுத்தது. எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். பிறகு போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

'நேத்து நான் தட்டிட்டுக் கண்ணைத் திறந்தப்போ, கடைக்கோடியில நின்னவங்ககூட என்னையே திரும்பிப் பார்த்துட்டிருந்தாங்க. பக்கத்துல இருந்த நீங்க மட்டும்தான் சத்தமே இல்லைன்னீங்க. மூணு வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்திருக்கறது யாருன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. நன்றி அக்கா.'